ஃபர்ம்வேர் ஏற்றும்போது கரண்ட் போய் முடங்கிய ரவுட்டர்: தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ரவுட்டர், அடியில் உள்ள ஸ்டிக்கரில் வெர்ஷன் 9. புது ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருள்) ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது வைஃபை பெயர் வருவதில்லை, 192.168.0.1 திறப்பதில்லை, ரீசெட் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பலன் இல்லை. கடையில் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். தூக்கிப் போட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விடை சொல்வதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் சின்ன நிரல், பிழைத்திருக்கிறதா? பிழைத்திருந்தால் ஒரு லேன் கேபிளும் ஒரு இலவச மென்பொருளும் போதும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். இந்த மாடலில் 4 எம்பி அளவுள்ள ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கிறது. அதன் முதல் 1,31,072 பைட்டில் யூ-பூட் என்ற பூட்லோடர். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது இதுதான். அதையடுத்த 39,32,160 பைட்டில் நீங்கள் ஃபர்ம்வேர் என்று சொல்லும் லினக்ஸ் கர்னலும் கோப்புகளும். மிச்சம் இருக்கும் 1,31,072 பைட்டில் பாதி உங்கள் அமைப்புகளுக்கு, கடைசிப் பாதி வைஃபை ரேடியோவின் அளவீடுகளுக்கு. இந்த அளவீடுகள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனியாக எடுத்துப் பதித்தவை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அப்கிரேட் பக்கத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றியதும் அது நேராக ஃபிளாஷுக்குப் போவதில்லை. முழுக் கோப்பும் முதலில் ராமுக்கு வரும், அங்கே சரிபார்க்கப்படும், அதன்பிறகுதான் ஃபிளாஷில் பகுதி பகுதியாக அழித்து எழுதும் வேலை தொடங்கும். அதனால் கோப்பு வந்து சேர்வதற்குள் கேபிள் பிடுங்கப்பட்டாலோ வைஃபை அறுந்தாலோ பெரும்பாலும் எதுவும் கெடாது, பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். ஆபத்து அதற்குப் பின்னால் வரும் ஒன்றிரண்டு நிமிடத்தில். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பாதி புதிது, பாதி அழிந்தது என்ற நிலையில் ஃபர்ம்வேர் பகுதி நின்றுவிடும். வழக்கமான அப்கிரேட் கோப்பு பூட்லோடர் பகுதியைத் தொடுவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் இறக்கிய கோப்பின் பெயரில் ஆங்கிலத்தில் "பூட்" என்ற சொல் இருந்தால், அதற்குள் புது பூட்லோடரும் சேர்ந்தே இருக்கிறது என்று பொருள். அந்த வகைக் கோப்பை ஏற்றும்போது கரண்ட் போயிருந்தால் பூட்லோடரும் அடிபட்டிருக்கலாம். அதனால் டவுன்லோடு ஃபோல்டரில் அந்தக் கோப்பின் பெயரை முதலில் போய்ப் பாருங்கள்.

ரீசெட் பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டன் அழுத்தப்படுவதைக் கவனித்து அமைப்புகளை அழிப்பது ஃபர்ம்வேரின் வேலை. ஃபர்ம்வேரே ஓடாதபோது அரை நிமிடம் அழுத்தினாலும் அரை மணி நேரம் அழுத்தினாலும் அதைக் கவனிக்க உள்ளே ஆள் இல்லை. 30 விநாடி அழுத்தி, அணைத்து 30 விநாடி, மறுபடி போட்டு 30 விநாடி என்று ஒரு முறை இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றுகிறது. சிதைந்த ஃபர்ம்வேரை அது சரிசெய்யாது. சில மாடல்களில் அது தற்செயலாக ரவுட்டரை மீட்பு நிலைக்குக் கொண்டுபோய்விடுவதால்தான் அதற்கு இவ்வளவு பெயர். மீட்பு நிலைக்குப் போக அத்தனை சடங்கு தேவையில்லை: ரவுட்டரை அணைத்துவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் பட்டனைப் போட வேண்டும். இந்த வரிசைதான் முக்கியம். அப்போது பட்டனைக் கவனிப்பது பூட்லோடர்.

இதில் இறங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை விலக்கிவிடுங்கள். ஒன்று, அடாப்டர். உங்கள் மாடலுக்கு 9 வோல்ட் அடாப்டர். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வரும் ஏற்ற இறக்கத்தில் ரவுட்டரைவிட அடாப்டர் அடிபடுவதே அதிகம். பழுதான அடாப்டரும் மல்டிமீட்டரில் 9 வோல்ட் காட்டலாம், ஆனால் ரவுட்டரை மாட்டியதும் வோல்டேஜ் சரிந்துவிடும். விளக்கு எரியும், ரவுட்டர் சில விநாடிக்கு ஒருமுறை தானாக மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு ஃபர்ம்வேர் கோளாறு மாதிரியே இருக்கும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அதே வோல்டேஜ், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியர், அதே முனை உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர் கையில் இருக்கிறதே என்று அதை மாட்டாதீர்கள். இரண்டாவது, ரவுட்டர் உண்மையில் நன்றாகவே இருந்து, அமைப்புகள் மட்டும் மாறியிருக்கும் நிலை. அப்கிரேட் முடிந்ததும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கலாம். கம்ப்யூட்டரில் நீங்கள் முன்பு கையால் போட்ட ஐபி முகவரி ஒத்துப்போகாமல் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் வைஃபை பெயரே எதுவும் இல்லை என்பதால் இது இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கேபிளை லேன் போர்ட்டில் மாட்டி, கம்ப்யூட்டருக்கு ஐபி தானாகக் கிடைக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

இனி அந்தச் சோதனை. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். கேபிள் வழியாக வந்துபோகும் செய்திகளை அது திரையில் காட்டும். கம்ப்யூட்டரின் வைஃபையை அணையுங்கள். ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் கேபிளை மாட்டுங்கள், நீல நிற இன்டர்நெட் போர்ட்டில் அல்ல. வயர்ஷார்க்கில் ஈதர்நெட் கார்டைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, ரீசெட்டை அழுத்தியபடி ரவுட்டரைப் போடுங்கள். பூட்டுப் படம் போட்ட டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்தால் பட்டனை விடலாம். பூட்லோடர் உயிரோடு இருந்தால், திரையில் ஏஆர்பி என்ற வகையில் வரிகள் வரும்: "192.168.0.66 யார்? 192.168.0.86-க்குச் சொல்லுங்கள்" என்பது அதன் பொருள். 192.168.0.86 என்பது மீட்பு நிலையில் ரவுட்டர் தனக்குச் சூட்டிக்கொள்ளும் முகவரி. 192.168.0.66 என்பது கோப்பு தரும் கம்ப்யூட்டருக்கு இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும் முகவரி. ஏஆர்பி வலைப்பின்னலில் எல்லோருக்கும் போகும் கூப்பாடு என்பதால், உங்கள் கம்ப்யூட்டரில் எந்த ஐபி இருந்தாலும் இது தெரியும். இந்த ஒரு வரி வந்துவிட்டால் போர்டு போகவில்லை என்று உறுதி. பிராசசர், ராம், ஈதர்நெட், பூட்லோடர் நான்கும் வேலை செய்யாமல் அந்தக் கூப்பாடு வெளியே வர முடியாது.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே மாடல் பெயரில் வெர்ஷனுக்கு வெர்ஷன் உள்ளே இருக்கும் சிப்பே வேறு. வெர்ஷன் 9-இல் குவால்காம் ஏதெராஸ், வெர்ஷன் 13-இல் மீடியாடெக். வெர்ஷன் 13 தேடும் முகவரி 192.168.0.225, கோப்புப் பெயரும் வேறு. யாரோ வேறு வெர்ஷனுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து நாள் முழுக்க முயன்று, கடைசியில் ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். வயர்ஷார்க்கில் பார்த்தால் எந்த முகவரி வேண்டும் என்பதை ரவுட்டரே சொல்லிவிடுகிறது. அந்த முகவரியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி போட்டால், எந்தக் கோப்பு வேண்டும் என்பதையும் அதுவே பெயர் சொல்லிக் கேட்கும். விளக்குகள் எப்படிச் சிமிட்டுகின்றன என்பதை வைத்துக் கணிப்பதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது.

கூப்பாடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரின் ஈதர்நெட் கார்டுக்கு ஐபி 192.168.0.66, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போடுங்கள். கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடலாம். டிபி-லிங்க் தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, வெர்ஷன் 9-க்கு உரிய ஃபர்ம்வேரை இறக்குங்கள். வருவது ஜிப் கோப்பு. அதை விரித்து உள்ளே இருக்கும் பின் கோப்பை எடுத்து, ரவுட்டர் கேட்கும் பெயரை வையுங்கள். வெர்ஷன் 9 கேட்கும் பெயர் முழுக்க ஆங்கிலச் சிற்றெழுத்தில்: டபிள்யூஆர்841என்வி9, அடிக்கோடு, டிபி, அடிக்கோடு, ரெகவரி, அதன்பின் புள்ளி பின். வயர்ஷார்க்கில் வரும் பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டும் பழக்கம் உடையது, அதனால் பெயர் "பின்" புள்ளி "பின்" என்று இரண்டு முறை முடிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பின்னொட்டைக் காட்டும் அமைப்பைப் போட்டுவிட்டுப் பெயரை மாற்றுங்கள். லினக்ஸில் செய்பவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கில் வரும்.

இந்தக் கோப்பின் அளவையும் பாருங்கள். பூட்லோடர் சேராத கோப்பு என்றால் சரியாக 39,32,160 பைட் இருக்கும். அதைவிட 1,31,584 பைட் கூடுதலாக, 40,63,744 பைட் இருந்தால் அது பூட்லோடர் சேர்ந்த கோப்பு. முன்னால் 512 பைட் தலைப்பு, அடுத்து 1,31,072 பைட் பூட்லோடர், அதற்குப் பிறகுதான் ஃபர்ம்வேர். மீட்பு வழியில் இந்தக் கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள். ஃபர்ம்வேர் தொடங்க வேண்டிய இடத்தில் பூட்லோடர் போய் உட்கார்ந்துகொள்ளும், ரவுட்டர் தொடங்காது. பூட்லோடர் சேராத கோப்பு கிடைக்கவில்லை என்றால், முதல் 1,31,584 பைட்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளையில் 512 பைட் அளவில் 257 கட்டுகளைத் தாண்டச் சொன்னால் ஆயிற்று. விண்டோஸில் ஹெக்ஸ் எடிட்டர் எதிலும் செய்யலாம். வெட்டிய பிறகு மிச்சம் 39,32,160 பைட்தான் என்று சரிபார்த்துவிட்டு மேலே போங்கள். கோப்பு சரியா என்று பூட்லோடர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்து டிஎஃப்டிபி சர்வர், அதாவது ரவுட்டர் கேட்கும் கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் மென்பொருள். விண்டோஸில் டிஎஃப்டிபிடி64 என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். கோப்பு இருக்கும் ஃபோல்டரையும், சர்வர் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் 192.168.0.66-ஐயும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால்தான் இங்கே அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. போர்ட் 69-ஐ மட்டும் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள். டிஎஃப்டிபியில் முதல் கோரிக்கை மட்டுமே 69-க்கு வரும், அதன்பிறகு கோப்பு போவது வேறொரு போர்ட் வழியாக. அதனால் போர்ட்டைத் திறப்பதைவிட அந்த மென்பொருளையே அனுமதிக்க வேண்டும், அதுவும் பப்ளிக் நெட்வொர்க்கிலும் சேர்த்து, ஏனென்றால் முன்பின் தெரியாத இந்த இணைப்பை விண்டோஸ் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். மீட்பு முடியும் வரை ஃபயர்வாலை முழுதாக அணைத்துவைப்பது சுலபம். அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு இல்லை என்பதால் கவலையில்லை. முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், விபிஎன் போன்றவை உருவாக்கி வைத்திருக்கும் போலி நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் அவற்றையும் தற்காலிகமாக முடக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நேரம். ரவுட்டரை அணைத்துப் போடும்போது கேபிள் இணைப்பும் அறுந்து திரும்ப வருகிறது. அறுந்த இணைப்பு திரும்ப வந்ததும் விண்டோஸ் அந்த ஐபியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரச் சில விநாடி எடுத்துக்கொள்கிறது. பூட்லோடர் கோப்பு கேட்பதும் அந்தச் சில விநாடிதான். அது கேட்டு முடித்த பிறகு கம்ப்யூட்டர் தயாராகும். இதற்கு அருமையான தீர்வு, நடுவில் ஒரு சாதாரண ஈதர்நெட் ஸ்விட்ச்சை வைப்பது. கம்ப்யூட்டர் ஸ்விட்ச்சோடு இணைந்திருக்கும் வரை இணைப்பு அறுவதே இல்லை, ரவுட்டர் எப்போது கேட்டாலும் பதில் தயார். வீட்டில் ஸ்விட்ச் இல்லையென்றால் பழைய ரவுட்டர் எதன் லேன் போர்ட்டுகளையாவது ஸ்விட்ச் மாதிரிப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் முகவரி 192.168.0.66 அல்லது 192.168.0.86 ஆக இருக்கக் கூடாது. லினக்ஸிலும் இதே சிக்கல் உண்டு. இணைப்பு அறுந்ததும் நெட்வொர்க் மேனேஜர் கையால் போட்ட ஐபியை எடுத்துவிடும். அங்கேயும் ஸ்விட்ச்தான் மருந்து.

சரியாகப் போனால் டிஎஃப்டிபிடி64-இன் லாக் பகுதியில் 192.168.0.86-இலிருந்து இணைப்பு வந்ததும், கோப்புப் பெயரும், கடைசியில் எத்தனை கட்டு போனது என்பதும் வரும். 512 பைட் கட்டுகளாக 7680 கட்டு, முடிந்தது என்று சொல்ல வெற்றுக் கட்டு ஒன்று, ஆக 7681. சில விநாடியில் முடிந்துவிடும். இப்போதுதான் பொறுமை வேண்டும். கோப்பு போய்ச் சேர்ந்தது ராமுக்கு. அதைப் பூட்லோடர் ஃபிளாஷில் எழுத இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் விளக்குகளில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ இருந்தால் நல்லது. ரவுட்டர் தானாக மறுபடி தொடங்கியதும் கம்ப்யூட்டரின் ஐபியைத் தானாகப் பெறும் நிலைக்கு மாற்றி 192.168.0.1-ஐத் திறங்கள்.

வேறு கம்பெனி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுதான், வாசல் மட்டும் வேறு. ஏசஸ் ரவுட்டரில் ரீசெட்டைப் பிடித்தபடி போட்டால் பவர் விளக்கு மெதுவாகச் சிமிட்டும். கம்ப்யூட்டருக்கு 192.168.1.10 கொடுத்து, ஏசஸ் தரும் ஃபர்ம்வேர் ரெஸ்டோரேஷன் கருவியால் ஏற்றலாம். பிராட்காம் சிப் உள்ள ஏசஸ் மாடல்கள் பலவற்றில் அதே நிலையில் 192.168.1.1-ஐ பிரவுசரில் திறந்தால் பூட்லோடரே ஒரு சின்னப் பக்கம் காட்டும். அங்கிருந்தும் ஏற்றலாம். பிராட்காம் பூட்லோடருக்கு இன்னொரு அடையாளம்: பிங் கட்டளையால் ரவுட்டரைக் கூப்பிட்டால் வரும் பதிலில் டிடிஎல் என்ற எண் 100 என்று இருந்தால் பேசுவது பூட்லோடர், 64 என்று வந்தால் முழு ஃபர்ம்வேர் ஓடுகிறது. நெட்கியர் என்றால் என்எம்ஆர்பிஃபிளாஷ் என்ற கருவி. ரவுட்டர் தொடங்கும்போது அனுப்பும் நெட்கியருக்கே உரிய செய்திக்கு அது பதில் சொல்லிக் கோப்பை ஏற்றுகிறது. விண்டோஸில் அதற்கு என்பிகேப் என்ற துணை மென்பொருள் தேவை. டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் ரீசெட்டோடு போட்டு 192.168.0.1-ஐத் திறந்தால் மீட்புப் பக்கம் வரும். மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால் என்ற கருவி. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி வரிசைக்குள் இரண்டு ஃபர்ம்வேர் இடங்கள் இருக்கின்றன. தொடங்கி முடிவதற்குள் மூன்று முறை அணைத்துப் போட்டால் அடுத்த முறை மற்ற இடத்திலிருந்து தொடங்கும். கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் போட்டு அமைப்பைக் குழப்பிக்கொண்டவர்களுக்கு இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம். தொடங்கும்போது விளக்கு வேகமாகச் சிமிட்டும் தருணத்தில் பட்டனை அழுத்தினால் ஃபெயில்சேஃப் நிலை வரும், 192.168.1.1-இல் உள்ளே போய் ஃபர்ஸ்ட்பூட் கட்டளை கொடுத்தால் நீங்கள் செய்த மாற்றங்கள் மட்டும் அழிந்து அடித்தளம் அப்படியே நிற்கும்.

வயர்ஷார்க்கில் ஒரு வரிகூட வரவில்லை என்றால்? உடனே பூட்லோடர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிள், வேறு லேன் போர்ட், பட்டனை முன்னதாகவே விட்டுவிட்டது, பட்டனே தேய்ந்திருப்பது எல்லாவற்றையும் பாருங்கள். இதற்கு மேல் தூரத்திலிருந்து என்னால் கணிக்க முடியாது, பெட்டியைத் திறந்து சீரியல் இணைப்பில் பார்த்தால்தான் தெரியும். போர்டில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), 3.3 வோல்ட். சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி சீரியல் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் 3.3 வோல்ட் நிலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 5 வோல்ட் சிக்னல் ரவுட்டரின் பிராசசரைச் சுட்டுவிடும். கிரவுண்டோடு கிரவுண்ட், அடாப்டரின் டிஎக்ஸ் ரவுட்டரின் ஆர்எக்ஸில், ரவுட்டரின் டிஎக்ஸ் அடாப்டரின் ஆர்எக்ஸில். 3.3 வோல்ட் துளையில் எதையும் மாட்டக் கூடாது, ரவுட்டர் தன் அடாப்டரிலேயே ஓடட்டும். சீரியல் வரிகளைக் காட்டும் புட்டி என்ற இலவச மென்பொருளில் வேகம் 115200, 8 பிட், பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை. இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டால் ரவுட்டர் பேசுவது தெரியும், நீங்கள் அடிப்பது எதுவும் போகாது. குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு அல்லது கிரவுண்ட் சரியாகப் படவில்லை. ஒன்றுமே வராவிட்டால் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் மாற்றி மாட்டிப் பாருங்கள்.

யூ-பூட் வரிகள் ஓட ஆரம்பித்தால் நல்ல செய்தி. ஒரு விநாடி அவகாசம் தருவதாக ஒரு வரி வரும். அந்த விநாடிக்குள் டி, பி, எல் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அடித்தால் பூட்லோடர் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும். கையால் அடித்துப் பிடிப்பது கஷ்டம். எங்காவது எழுதி காப்பி செய்து வைத்துக்கொண்டு, புட்டியில் வலது பட்டனை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கோப்பை ராமுக்கு இழுத்து, ஃபர்ம்வேர் பகுதியை அழித்து, எழுத வேண்டும். முகவரி எண்களை எங்கிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு காப்பி செய்யாதீர்கள். 8 எம்பி ஃபிளாஷுக்கு எழுதிய எண்களை 4 எம்பி ஃபிளாஷில் போட்டால், மேலே சொன்ன வைஃபை அளவீட்டுப் பகுதி அழிந்துபோகும். ஃபர்ம்வேரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அந்த அளவீடுகளை மட்டும் எங்கிருந்தும் திரும்பப் பெற முடியாது. அழிக்கும் கட்டளை கொடுக்கும் முன் தொடக்கம் 1,31,072-வது பைட், நீளம் 39,32,160 பைட் என்பதோடு உங்கள் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சீரியலிலும் மௌனம் என்றால் பூட்லோடர் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதி, அடுத்தது சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும். ஃபிளாஷ் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் வழி இது. எதையும் எழுதும் முன் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டு, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் முழு 4 எம்பி கோப்பை அப்படியே எழுதாதீர்கள், அது வேறொருவர் ரவுட்டரின் மேக் முகவரியும் (வலைப்பின்னலில் அந்த ரவுட்டரை அடையாளம் காட்டும் எண்) வைஃபை அளவீடும் சேர்ந்தது. முதல் 1,31,072 பைட்டையும் ஃபர்ம்வேர் பகுதியையும் மட்டும் மாற்றி, கடைசி 65,536 பைட்டை உங்கள் பிரதியிலிருந்தே வையுங்கள். இந்த மாடலில் மேக் முகவரி பூட்லோடர் பகுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை ஸ்டிக்கரில் உள்ளபடி திருத்த வேண்டும். விலை குறைந்த கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டுகள் சிக்னல் கால்களில் 5 வோல்ட் தருபவை என்பதும் தெரிந்திருக்கட்டும். 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதல்ல.

எதுவரை போவது என்பதில் என் கருத்து இது. கேபிள், வயர்ஷார்க், டிஎஃப்டிபி வரை செலவே இல்லை, அதைச் செய்யாமல் தூக்கிப் போடாதீர்கள். சீரியல் அடாப்டர் வாங்குவதும் தப்பில்லை, பின்னால் வேறு ரவுட்டருக்கும் உதவும். புரோகிராமர் வரை போவது, 100 எம்பிபிஎஸ் போர்ட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே உள்ள இந்த மாடலுக்குப் பணக் கணக்கில் கட்டாது. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள். இன்னொன்று, ஃபைபர் இணைப்போடு கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டி இப்படி முடங்கியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அந்தப் பெட்டியின் சீரியல் எண்ணை வைத்துத்தான் இணைப்பே அனுமதிக்கப்படுகிறது, பெட்டியும் பெரும்பாலும் அவர்களுடையது. புகார் கொடுத்து மாற்றிக்கொள்வதே வழி.

மீண்டு வந்ததும் ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு அமைப்புகளைக் கையால் போடுங்கள், பழைய பேக்கப் கோப்பை ஏற்றாதீர்கள். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால், நம் ஊர் கேபிள் ஆபரேட்டர்கள் பலர் மேக் முகவரியைப் பதிந்து வைத்துத்தான் இணைப்பு தருகிறார்கள் என்பதை நினைவில் கொண்டு, ரவுட்டர் பக்கத்தில் காட்டும் மேக்கும் ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ரவுட்டர் அமைப்பில் உள்ள மேக் குளோன் பக்கத்தில் ஸ்டிக்கரில் உள்ளதைப் போடலாம், இல்லையென்றால் ஆபரேட்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம். வயர்ஷார்க் சோதனையைச் செய்துவிட்டு, ஏஆர்பி வரியில் என்ன முகவரி வந்தது, நீங்கள் முதலில் ஏற்றிய கோப்பின் முழுப் பெயர் என்ன என்ற இரண்டையும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்த இரண்டையும் பொறுத்தது.